சொந்த ஊர்: கெராகம்

கிள்ளான் பள்ளத்தாக்கு யாழ்ப்பாணத் தமிழர் இணையவழித் திருமணப் பொருத்த மன்றம் என்ற பெயரை அதன் தலைவர் வீரசிங்கம் ஒருநாளும் சுருக்கிச் சொன்னதில்லை. தொலைபேசியை எடுத்தால் முழுப் பெயரையும் சொல்லி முடித்த பிறகுதான் ஹலோ என்பார். அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் சில நேரம் வைத்துவிட்டிருப்பார். மன்றம் தொடங்கி ஓராண்டாகியும் அழைப்புகள் ஏன் குறைவு என்று செயற்குழுவில் இரண்டு முறை விவாதித்திருக்கிறார்கள்.

அது 1999. கோலாலம்பூரில் எல்லாவற்றுக்கும் முன்னால் சைபர் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், ஓய்வுபெற்ற அரசாங்க அலுவலர்கள் சிலர் கூடி, கலியாணத்துக்கும் அதைப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு கணினி வாங்கி, அதற்குப் பூ வேலை செய்த துணி தைத்துப் போர்த்தினார்கள். துணியை விலக்கும் உரிமை செயலாளர் கனகலிங்கத்துக்கு மட்டுமே இருந்தது. கல்வி அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு வாழ்ந்தவர் என்பதால், ஒவ்வொரு வரி முடிந்ததும் இடது கையால் காற்றில் ஒரு தள்ளு தள்ளுவார்.

மன்றத்தின் இணையப் பக்கத்தில் யாரும் தன்னைப் பற்றித் தானே எழுதிவிட முடியாது. எழுதிக்கொண்டு வரலாம். செயற்குழு அதைத் திருத்தும். தொடக்க விழாவில் இதை ஒருவர் எழுந்து கேட்டபோது வீரசிங்கம் பொறுமையாக விளக்கினார்.

"சுயவிவரம் எண்டால் என்ன? உம்மைப் பற்றி நாங்கள் எழுதுறது."

கைதட்டல் கிடைத்தது. வீரசிங்கம் கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து, செந்தூலில் படித்து, ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத் தமிழை மேடையிலும் செயற்குழுவிலும் மட்டும் பேசுவார். கூட்டம் முடிந்து கீழே தேநீர்க் கடைக்கு இறங்கியதும், "பாஸ், தே தாரேக் ஒண்ணு, சீனி கொறைச்சலா" என்றாகிவிடும்.

சந்திரகலா இந்த மாடிப்படி ஏறியது அம்மா பூரணத்துக்காக. வயது முப்பத்தைந்து. கிள்ளானில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசாங்கப் பல் மருந்தகத்தில் தாதி. அப்பா இறந்த பிறகு வீட்டில் இரண்டே பேர். மன்றம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்காத ஆள் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் கூடாது என்பது பூரணத்தின் சட்டம். மன்றத்தில் இருப்பவர்கள் எல்லாம் பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

சந்திரகலா எழுதிக்கொண்டு போனது இதுதான்: "பல் தாதி. ஆட்டிறைச்சிப் பிரட்டல் நன்றாகச் செய்வேன். சோறு மட்டும் குழைந்துவிடும். சோகப் படம் போட்டால் தூங்கிவிடுவேன். சத்தமாகச் சிரிப்பேன். என்னோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த வேளைக்குச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடியவர் வேண்டும்."

வெளியே பெஞ்சில் அவளுக்கு முன்பே ஒருவர் காத்திருந்தார். நீளக் கைச் சட்டை, அதைப் போட்டுப் பழக்கமில்லாத கைகள். பெயர் பாலன், காப்பார் மின்நிலையத்தில் டெக்னீஷியன். அவள் மடியில் இருந்த தாளை அவர் தலைகீழாகவே படித்து முடித்திருந்தார்.

"சோறு கொழைஞ்சா என்னா? கஞ்சின்னு பேர மாத்திடலாம்லா" என்றார்.

சந்திரகலா சிரித்தாள். தாளில் எழுதியிருந்த அளவுக்கே சிரித்தாள். கதவைத் திறந்து நேசம்மா எட்டிப் பார்த்தார். மன்றத்தின் மகளிர் பிரதிநிதி, முன்னாள் தலைமையாசிரியை. இது கலியாண விஷயம் நடக்கிற இடம், சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பாலனை உள்ளே அழைத்துப் போனார்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. பாலனின் அப்பா பக்கம் யாழ்ப்பாணம், செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா காப்பார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம். இதைக் கேட்டதும் உள்ளே பேனாக்கள் நின்றுவிட்டது வெளியே தெரிந்தது.

"கொப்பற்ற பக்கம் சரி. கொம்மா தோட்டத்து ஆள்" என்றார் வீரசிங்கம். "அப்ப நீர் அரை ஊர்."

"அரை ஊருன்னா எப்படி அங்கிள்?"

"அது ஒரு பிரிவு. கே.ஐ.வி.யிலை போடுவம்."

மலேசிய அரசாங்க அலுவலகத்தில் கால் வைத்த எவருக்கும் கே.ஐ.வி. தெரியும். பார்வையில் வைத்திருப்பது என்று பொருள். யார் பார்வையும் படாத இடத்தில்தான் வைப்பார்கள்.

பாலன் வெளியே வந்து சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்தார். "எனக்குப் பாதி டிக்கெட்டாம்" என்றார்.

இந்த முறை சந்திரகலா சிரிக்கவில்லை. கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான் என்று பாலன் பிற்பாடு சொல்வார்.

உள்ளே அவள் தாள் மேசையில் வைக்கப்பட்டது. பல் தாதி என்பதில் பல் வேண்டாம், வாய் ஞாபகம் வரும் என்றார் நேசம்மா. மருத்துவத் துறை என்று மாறியது. சோறு குழைவது குடும்ப ரகசியம் என்று அடிக்கப்பட்டது. சண்டை, கருத்துப் பரிமாற்றமாகி, பிறகு அதுவும் போனது. சத்தமாகச் சிரிப்பேன் என்ற இடத்தில் நெடுநேரம் தங்கினார்கள். கனகலிங்கம் 'மகிழ்ச்சியான சுபாவம்' என்று ஒரு சமரசம் சொன்னார்.

"மகிழ்ச்சி எண்டால் பெடியன் வீட்டுக்காரர் ஏன் எண்டு கேப்பினம்" என்றார் நேசம்மா.

சாந்தமான சுபாவம் என்று நிறைவேறியது. கடைசியில் சந்திரகலா அடக்கமான, குடும்பப் பாங்கான, சாந்தமான, மருத்துவத் துறையைச் சேர்ந்த மணமகளாக முடிந்தாள். மன்றத்தின் பக்கத்தில் இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் பண்பான, பொறுப்பான, கெட்ட பழக்கம் அற்றவர்கள். ஒருவரிலிருந்து இன்னொருவரைப் பிரித்துப் பார்க்க மிஞ்சியிருந்தது சொந்த ஊர் என்ற ஒரு வரிதான். எந்த ஊர் எதைவிட உசத்தி என்று மன்றத்தில் ஒரு வரிசை இருந்தது. முதல் இடத்தில் இருந்தது தலைவரின் ஊர்.

"பிள்ளைக்கு எந்த ஊர்?"

"கிள்ளான், அங்கிள்."

"அது இருக்கிற இடம். நான் கேட்டது ஊர்."

"நான் பொறந்தது கிள்ளான். அப்பா பொறந்தது செந்தூல்."

"அது வேலை பார்த்த இடம்."

வேலை பார்த்த இடத்தில் பிறந்து வேலை பார்த்த இடத்திலேயே இறந்த அப்பாவை நினைத்துக்கொண்டு, அவள் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள்லாம் யாழ்ப்பாணம் போயிருக்கீங்களா அங்கிள்?"

யாரும் போனதில்லை. வீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போறதுக்கு அவசியமில்லை. எங்களுக்கு ஊர் உள்ளுக்கை இருக்கு" என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது என்று கனகலிங்கம் சேர்த்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குள் ஊரோடு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மாவைக் கேட்டாள். உன் அப்பாவோட அப்பா கப்பலில் வந்தார், இறங்கிய பிறகு ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை, குவாட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை என்றுதான் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார் என்றார் பூரணம்.

மறுநாள் மருந்தகத்தில் ஒரு சின்னப் பெண் வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். அழுகிற பிள்ளைகளுக்குச் சந்திரகலா சுவரில் மாட்டியிருக்கும் பல் படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவது வழக்கம். மலாயில்தான் நடத்துவாள். முன்னால் இருப்பது காச்சிப். கூராக இருப்பது தாரிங். கடைசியில் பெரிசாக இருக்கும் கடைவாய்ப்பல், கெராஹாம்.

சொல்லிவிட்டு நின்றாள். மல்லாகம், சுன்னாகம் என்று செயற்குழுவின் வாயில் கேட்ட ஊர்கள் நினைவுக்கு வந்தன. மல்லாகம், சுன்னாகம், கெராகம். இன்னொரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் பயந்து அழுகையை நிறுத்திய பிள்ளை, வாயையும் திறந்தாள்.

அடுத்த கூட்டத்தில் சந்திரகலா தலையைக் குனிந்து, மன்றம் எதிர்பார்த்த அளவு சாந்தமாக உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட கேட்டேன் அங்கிள். சின்ன ஊரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு தெரியல. கெராகம்."

அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் அரசாங்கத்தில் மலாய்த் தேர்வு எழுதிப் பதவி உயர்வு வாங்கியவர்கள். ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட எந்தக் கோப்பிலும் கடைவாய்ப்பல் வந்ததில்லை. தவிர, சின்ன ஊர், தெரிந்திருக்குமா என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். தெரியாது என்று சொல்ல அந்த மேசையில் ஆள் இல்லை.

"கெராகமோ?" என்றார் கனகலிங்கம் முதலில். "தெரியாமல் என்ன?"

"நல்ல ஆக்கள்" என்றார் நேசம்மா. "கொஞ்சம் கடினமான ஆக்கள்."

"ரொம்ப உள்ள தள்ளி இருக்கும்னு அப்பா சொல்வாரு" என்றாள் சந்திரகலா.

"ஓம், உள்ளுக்கைதான். லேசிலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாரம் முழுக்கத் தாங்கினது அந்த ஆக்கள்தானே."

"வேர் ரொம்ப ஆழமாம், ஆன்டி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு கிளை ஓடுமாம்."

"அப்பிடிப்பட்ட குடும்பங்கள் பிள்ளை அவை" என்றார் நேசம்மா, கண் கலங்க.

நேசம்மா கொண்டுவந்த முறுக்குத் தட்டு வந்தபோது, வீரசிங்கம் வழக்கம்போல வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். தன் ஊரைவிட உசத்தியான ஊர் ஒன்று மேசைக்கு வந்துவிட்டதை அவர் உணர்ந்தார். இந்த நிலைமையில் ஒரு தலைவர் செய்யக் கூடியது ஒன்றுதான்.

"இதை நான் வெளியிலை சொல்லுறேல்லை" என்றார். "என்ர பூட்டன் கெராகத்தான்."

கெராகம் வரிசையில் முதல் இடத்துக்கு வந்தது. சந்திரகலாவின் விவரம் இணையத்தில் ஏறியதும் டொரோண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விசாரித்தார்கள். அம்பாங்கில் ஒரு டாக்டர் குடும்பம், தங்களுக்கும் தாய்வழியில் கெராகம் உண்டு, முன்பு அடக்கத்தினால் குறிப்பிடவில்லை என்று திருத்தம் கேட்டது. கனகலிங்கம் தன் பேரனின் விவரத்தை அமைதியாக மாற்றிக்கொண்டார். ஒரு மாதத்தில் மன்றத்தின் பக்கத்தில் பாதிப் பேர் கெராகத்தவர்கள். வீரசிங்கம் ஒரு படி மேலே போய், கெராகத்தவர் வெளியே பெண் கொடுப்பதில்லை என்ற பண்டைய வழக்கத்தையும் ஒரு கூட்டத்தில் நினைவுபடுத்தினார்.

சந்திரகலா காத்திருந்தது இதற்குத்தான்.

"அப்ப எனக்குச் சரியா வர்றவரு ஒருத்தரு இருக்காரு அங்கிள்" என்றாள். "காப்பார் பாலன். அவரோட அப்பா வழி கெராகம். மேல் வரிசை."

செயற்குழு கலங்கியது. அரை ஊர் என்று பதிவு செய்தவரை என்ன செய்வது? நேசம்மா விதியை நீட்டி வாசித்தார். கனகலிங்கம் கணினித் துணியை விலக்கி, எதையும் தட்டாமல் மறுபடி போர்த்தினார். இறுதியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். கெராகத்தில் பாதி, மற்ற ஊர்களில் முழுசுக்குச் சமம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி, பாலனுக்கு முத்திரையிட்ட சான்றிதழ் கொடுக்கப்பட்டது. அவரை அரை என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதையும் சந்திரகலா கவனித்துக்கொண்டாள்.

பாலன் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, பூரணத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினார். பூரணம் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மன்றத்துப் பெரியவர்களே வந்து தேதி குறிக்கட்டும் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு கேட் வரை வந்த சந்திரகலாவிடம் பாலன், சான்றிதழ்தான் கிடைத்துவிட்டதே, இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

"ஒன்ன அரைன்னு சொன்னாங்க. நான் வெளிய ஒக்காந்து கேட்டேன்" என்றாள் சந்திரகலா.

"அதான் இப்ப முழுசாக்கிட்டாங்கல்ல?"

"அவங்க யாரு ஆக்குறதுக்கு?"

இதற்குமேல் அவள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கெராகம் வழித்தோன்றல்கள் சங்கம் என்று தனியாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வீரசிங்கத்துக்கே வந்தது. தலைவர் பதவிக்கு ஆள் தேடவும் அவசியமிருக்கவில்லை. தொடக்க விழாவுக்கு ஓர் அரசாங்க அதிகாரி வந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் ஏங்கியபோது, தன் இலாகாவில் மாநில அளவில் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார், மலாய்க்காரர், நல்ல மனுஷி என்று சந்திரகலா சொன்னாள். தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டத்தோ பட்டம் இருக்கா?"

"அடுத்த வருஷம் வரலாம் அங்கிள்."

அழைப்பையும், மேடைத் துணிக்கான மலாய் வாசகத்தை ரூமி என்னும் ஆங்கில எழுத்தில் எழுதுவதையும் அவளே பார்த்துக்கொண்டாள். பெர்சாத்துவான் கெராஹாம் மலேசியா என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. கடைவாய்ப்பல்லுக்கென்றே ஒரு சங்கம் தொடங்குகிற இந்தியச் சமூகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அதிகாரி, தன் பணிக்காலத்தில் இப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை என்று நெகிழ்ந்து, அன்றே ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்திருந்தது. கெராகத்தவர்கள் முதல் ஐந்து வரிசையிலும், மற்றவர்கள் பின்னாலும் உட்கார வைக்கப்பட்டார்கள். பூரணம் புதுச் சேலையில் பாலனுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தார். அதிகாரி வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு பெட்டிகள் மேடையேறின. ஒன்றைச் சுவரோரமாக வைத்தார்கள். மற்றதைத் திறந்து, பூசணிக்காய் அளவில் பளபளவென்று வெள்ளையாக ஒன்றை எடுத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேலே நான்கு மேடு, கீழே இரண்டு கால். அரசாங்கம் கொடுப்பது எதுவானாலும் அதற்கு மரியாதை செய்யத் தெரிந்த வீரசிங்கம், கையில் தயாராக இருந்த மாலையை அதற்குச் சூட்டி, இரண்டு அடி பின்னால் போய்க் கைகூப்பினார்.

அதிகாரி மலாயில் பேசினார். இந்தச் சங்கத்தைப் போல ஒன்று நாட்டில் வேறெங்கும் இல்லை என்றார். பிறகு கனிவோடு, "செமுவா ஓராங் அடா கெராஹாம்" என்றார். எல்லா மனிதர்களுக்கும் கெராகம் உண்டு.

வீரசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, அம்மையார் பெருந்தன்மையால் சொல்கிறார் என்று தமிழில் விளக்கிவிட்டு, அதிகாரியின் பக்கம் திரும்பி மலாயில் பணிவாகத் திருத்தினார். எங்கள் சமூகத்தில் எல்லாருக்கும் கெராகம் கிடையாது, மிகச் சில நல்ல குடும்பங்களுக்குத்தான் உண்டு, மற்றவர்கள் பாவம், இருப்பதாகப் பொய் சொல்கிறார்கள் என்றார்.

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. நிலைமை இவ்வளவு மோசமா என்று கேட்டார். நடமாடும் மருந்தகம் ஒன்றை அனுப்ப ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார். பெரியவர்களுக்குப் போனது போகட்டும், பிள்ளைகளுடையதையாவது காப்பாற்றுவோம் என்று சொல்லி, இரண்டாவது பெட்டியைத் திறந்து, முதல் பல்துலக்கும் பிரஷைச் செயலாளர் கையில் கொடுத்தார்.

கனகலிங்கம் பிரஷைப் பார்த்தார். மாலை போட்ட வெள்ளைப் பொருளைப் பார்த்தார். மேடைத் துணியில் இருந்த ரூமி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்தபோது அவருடைய இடது கை தானாக எழுந்து காற்றில் ஒரு தள்ளு தள்ளியது. பிறகு தலைவரின் காதருகே குனிந்தார்.

மண்டபத்தில் முதல் வரிசையிலிருந்து பின்னோக்கி ஓர் அமைதி பரவியது. அந்த அமைதி முழுமையடைந்ததும் சந்திரகலா சிரித்தாள். மன்றத்தின் பக்கத்தில் அவளிடமிருந்து அடித்துவிட்ட சிரிப்பு அது. மேற்கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பின்வரிசை ஆட்கள் முதலில் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரியும், விஷயம் புரியாமல், விழா நன்றாக நடக்கிற மகிழ்ச்சியில் சிரித்தார்.

பூரணம் மகளின் முழங்கையைப் பிடித்தார். "அப்ப நம்ம ஊரு எதுடீ?"

"கிள்ளான்மா."

பூரணம் மேடையில் மாலையோடு நின்ற கடைவாய்ப்பல்லை ஒருமுறை பார்த்தார். கைப்பையிலிருந்து மன்றத்தின் சான்றிதழை எடுத்து, அதைவைத்தே விசிறிக்கொண்டார். "இவங்க வந்து தேதி குறிக்க வேணாம்" என்றார் பாலனிடம். "ஒங்கம்மாவ வரச் சொல்லுங்க தம்பி."

கூட்டம் சாப்பாட்டுக்குப் போனபோது, வீரசிங்கம் பக்கவாசலில் சந்திரகலாவை நிறுத்தினார். சான்றிதழைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் காரணத்தை எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் பூட்டனையும் எழுத வேண்டும். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவமானத்தில் யாழ்ப்பாணத் தமிழ் விட்டுப்போயிருந்தது.

"உண்மையச் சொல்லும்மா. அப்படி ஒரு ஊரு இருக்கா, இல்லையா?"

"வாயத் தொறங்க அங்கிள்" என்றாள் சந்திரகலா.

அந்தக் குரலுக்குக் கிள்ளானில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வாயைத் திறந்திருக்கிறார்கள். வீரசிங்கமும் திறந்தார். அவள் அவருடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். வலது, இடது இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு தாடையை மெல்ல மூடிவிட்டாள்.

"இருக்கு அங்கிள். ஆனா ஒங்களுக்குத்தான் இல்ல" என்றாள். "அரைகூட இல்ல."